எடுக்காதே

காற்று ஒரே இரவில் முடித்துக்கொண்டது.
ஆறுதான் யோசித்து யோசித்து
இரண்டு நாள் கழித்து வந்தது
பூஸி ஊருக்குள்,
எந்த வீட்டில் யார் தூங்குவார்கள் என்று
முன்பே தெரிந்ததுபோல.

தகரம் பறந்த என் கடையில் மிஞ்சியது
ஒரு சோலார் தகடு, விளிம்பில் விரிசல்.
பள்ளிக்கூட மேட்டில் அதைச் சாய்த்துவைத்து
ஊர் போன்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றுகிறேன்.
முன்பு பத்து மெத்திகால்.
இப்போது கேட்கக் கூச்சம்.
கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்க வேண்டும்
என்று யாரோ சொன்னார்கள்.
அரிசிக்கு வரிசையில் நின்ற ஒருத்தி
அதைக் கேட்டுச் சிரித்தாள்.
புயலுக்குப் பின் நான் கேட்ட முதல் சிரிப்பு.
அது நிற்கவேயில்லை.
நாலு பேர் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

டவர் எழுந்த அன்று
முழு சார்ஜோடு நின்றார்கள்,
அழைக்க ஆளில்லாமல்.
இந்தப் பெயரை அழிக்கவா என்று போன் கேட்கும்.
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
மறுபடி அதே பெயருக்கே போவார்கள்.
கிழவர் ஜெரெமியாஸுக்கு டார்ச் மட்டும் போதும்.
ராத்திரியில் ஆடு தேடுகிறார்.
ஆடுதான் என்று அவரே சொன்னார்.

ஒரே நேரத்தில் ஆறு போன் ஏறும்.
ஐந்துதான் ஊருக்கு.
ஆறாவது
அர்மிந்து என்ற பையன் கொண்டுவந்தது.
மாமரத்தின் உச்சிக் கவட்டில்
மூன்று பிளாஸ்டிக் பைக்குள்
முடிச்சுமேல் முடிச்சாகத் தொங்கியதாம்.
கட்டிய கை மரத்தில் இல்லை.
கீழ்க் கிளையில் ஒரு கப்புலானா,
மஞ்சளில் நீல மீன்கள்.
துணியை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை;
அந்த வருஷம் பாதி ஊர்ப் பெண்கள்
அதைத்தான் இடுப்பில் சுற்றியிருந்தார்கள்.

உயிர் வந்ததும் போன் அடித்தது.
திரையில் எழுத்து:
'எடுக்காதே அழைக்கிறது.'

அவள் வைத்த பெயர்.
அவள் சொல்லை மீறவில்லை நான்.
மறுநாளும் அடித்தது, அதே மாலை ஐந்தரைக்கு.
அதற்கு மறுநாளும்.
என் போனிலும் அப்படி ஒருவன் உண்டு,
'தவறான எண்' என்று வைத்திருக்கிறேன்.
எண்ணில் தவறு எதுவுமில்லை.

ஒன்பதாம் நாள் எடுத்துவிட்டேன்.
முதலில் இருமல், பிறகு ஆள்:
"ஃபெலிஸார்தா?"
இல்லை, சார்ஜ் போடுகிறவன் என்றேன்.
போன் கிடைத்த மரத்தைச் சொன்னேன்.
மீன்களைச் சொல்லவில்லை.

அவன் பெயர் ஸகரியாஸ்,
ஷிமோயோவில் தையல் மெஷின் வியாபாரம்.
அவள் நாலு தவணை பாக்கி.
"பணத்துக்கில்லை" என்றான்.
நான் எதுவும் கேட்காமலே
இன்னொரு தடவை, "பணத்துக்கில்லை."

பிறகு நெடுநேரம் அவன் தெருவின் லாரிச் சத்தம்.

"ஒரு வருஷமா அடிக்கிறேன் தம்பி,
ஒருநாளும் அவ எடுத்ததில்ல.
மணி அடிக்குது, எடுக்கலைன்னா
அவ இருக்கான்னு அர்த்தம்.
இந்த ஒன்பது நாளும் அப்படித்தான் இருந்தேன்.
நீ எதுக்கு எடுத்தே?"

கை பட்டுவிட்டது என்றேன்.
வேறு என்ன சொல்ல.

மறுநாள் ஐந்தரைக்கு அடித்தது.
வரிசை திரும்பிப் பார்த்தது.
யாரோ, "எடேன்" என்றார்கள்.
தகட்டை வெயில் போன பக்கம் கொஞ்சம் நகர்த்தி,
முழுசாக
அடிக்கவிட்டேன்.