இடைவெளியின் உயரம்

ஞாயிறு விடியப்புறம் காலிமுகத்தில் சைக்கிள் ஓட்டம்.
பத்து மணிக்கு வெள்ளவத்தையில் குடும்பப் படம்.
இடையில் ஒரு பிளேன்டீ, ஒரு மீன் பணிஸ்.
புறக்கோட்டையில் வாங்கிய பற்றரி
ஏமாற்றிவிட்டது.

பால்மாக் கம்பனிக்காரர் முதலே சொல்லியிருந்தார்:
"முதல் மூன்று பேரும் எங்கட பதாகையும்
ஒரே பிரேமுக்குள்ள வந்தாக் காணும், மிஸ்."
வந்தார்கள். மூன்று நொடி.
கமராவை அவர்களோடு சேர்த்துத் திருப்பினால்
சக்கரம் நிற்கும், கொழும்பு ஓடும்.
ஹோட்டல், பீரங்கி, மூடிக்கிடந்த இறால்வடை வண்டி,
கடல்கூட ஒரு கோடு.
இடுப்பிலிருந்து திரும்பவேண்டும்.
மூச்சைப் பிடிக்கக்கூடாது.

பதாகையைச் சுருட்டி லொறியில் ஏற்றும்போது
நாற்பத்தேழாம் இலக்கம் வந்தான்,
உருட்டிக்கொண்டு.
செயின் கழன்றிருந்தது. முழங்காலில்
கிரீஸும் இரத்தமும் ஒரே நிறம்.
பெயர் நுஸ்ரான், மாளிகாவத்தை.
"அக்கா, ஓடுற மாதிரி ஒண்டு எடுங்க."

செயினை மாட்டி,
நாலு விளக்குக் கம்பம் திரும்பிப் போய்,
எழும்பி நின்று மிதித்து வந்தான்
அழித்துவிட்ட கோட்டை நோக்கி.
கைதட்ட ஆளில்லை. காகங்கள்.
கார்டில் பதினொரு படத்துக்கு இடமிருந்தது.
பதினொன்றையும் அவனுக்கே கொடுத்தேன்.

ராமகிருஷ்ண வீதி, நாலாம் மாடி, லிஃப்ட் பழுது.
குலவீரசிங்கம் ஐயா கோட் போட்டு வியர்த்திருந்தார்.
மகள், மருமகன், குழந்தை, இரத்தினேஸ்வரி அம்மா.
நடுவில் ஓர் இடைவெளி.
"அதில சுகிர்தன் நிக்கிறான், பிள்ளை.
மெல்பேர்னில இருந்து படம் அனுப்புவான்.
நீர் ஒட்டிவிடும்."

எவ்வளவு உயரம் என்றேன்.
அம்மா யன்னல் கொண்டியைக் காட்டினார்.
ஐயா கலண்டர் ஆணியை.
இரண்டுக்கும் நடுவே நாலு விரல்.
போய்ப் பதினொரு வருசம், போகேக்க பத்தொன்பது வயசு.
அதுக்குப் பிறகும் வளருவாங்களோ என்று
மருமகன் மெல்லக் கேட்டார்.
மச்சானை அவர் நேரில் கண்டதில்லை.

வெளிச்சம் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
நான் ஐந்தடி இரண்டு.
அம்மா பழைய டெலிபோன் டிரெக்டரி இரண்டைத்
தரையில் வைத்தார்: "ஏறும்."
டைமரை அமத்திவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.
பத்து நொடி.
ஒன்பதாவதில் என் தோளில் ஒரு கை விழுந்தது.
யாருடையது என்று பார்க்கவில்லை.
படத்திலும் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை, இரவு.
பால்மாவுக்கு மூன்று பேரும் போய்விட்டார்கள்.
காசு மாதக் கடைசியில்,
அதாவது அடுத்த மாதக் கடைசியில்.
நுஸ்ரானின் பதினொன்றில் ஒன்று சரி.
முகம் கூர்மை, பின்னால் எல்லாம் கரைசல்.
முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்று
அந்தப் படத்துக்குத் தெரியாது.

சுகிர்தனும் வந்திருந்தான்.
காருக்குள் எடுத்த செல்ஃபி. பாதித் தோள், சீட் பெல்ட்.
வெளிச்சம் அவனுக்கு இடப்பக்கம்,
வெள்ளவத்தை வீட்டில் கடல் வலப்பக்கம்.
ஆளைத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் பொருந்தும்,
மச்சம் மற்றக் கன்னத்துக்குப் போய்விடும்.
ஆனால் சில போன்கள் கண்ணாடி மாதிரி
முதலே திருப்பித்தான் எடுக்கும்.
அப்போ இது எந்தப் பக்கத்துச் சுகிர்தன்?

போன் எடுத்தேன்.
"அம்மா, மச்சம் எந்தக் கன்னத்தில?"

அந்தப் பக்கம் கரையோர ரயில் ஒன்று
வந்து, முழுதாய்ப் போய், முடிந்தது.

"பொறும் பிள்ளை," என்றார்.
"ஐயா நித்திரை.
எழுப்பிக் கேட்டுச் சொல்லுறன்."