டீசலுக்குத் தலைப்பு இல்லை

சுங்கை மெலோர் கிளினிக்கில்
கிராணி நான்.
ஜனவரியில் வெளிநாட்டுப் பணம் வந்தது,
எங்களுக்கல்ல, கஜானாவுக்கு.
அங்கிருந்து அது
ஒரு வெள்ளை வேனாகி
கதவில் வேற்றுக்கொடி ஒட்டிக்கொண்டு
செம்பனை லோரிகளின் பின்னால் ஊர்ந்து வந்தது.
ரிப்பன் வெட்டினார்கள்.
நாசி லெமாக் பொட்டலம் நூற்றிருபது,
கணக்கில் இருக்கிறது.

பிப்ரவரியில் கடிதம்:
உதவி கிடைத்துவிட்டபடியால்
உங்கள் போக்குவரத்து ஒதுக்கீடு குறைக்கப்படுகிறது.
வந்த தொகை, வெட்டிய தொகை
ஒரு காசு பிசகவில்லை.
இத்தனை துல்லியத்தை
எங்கள் ரத்தப் பரிசோதனையில்கூட
நான் பார்த்ததில்லை.

வேன் வாங்கத் தலைப்பு உண்டு.
டீசலுக்கு இல்லை.

வாரம் மூன்று நாள்
டயாலிசிஸ் போகும் சன்னாசி
வேனைச் சுற்றிக்கொண்டு நடந்து
பஸ் நிற்குமிடத்தில் உட்காருகிறார்.
பால்மரம் சீவிய விரல்கள்
சில்லறையை எண்ணுகின்றன,
எண்ணியதையே மறுபடியும்.

டிசம்பரில் அறிக்கை கேட்டார்கள்:
வாகனம் நல்ல நிலையில் உள்ளதா?
உள்ளது என்று எழுதினேன்.
பொய்யில்லை.
டிரைவர் ரோஸ்லி தினமும் காலையில்
அதைக் கழுவித் துடைக்கிறார்.
தண்ணீர் பில்லுக்கு
வேறு தலைப்பு.