ஏழு அந்தர் மழை

கோப்பாய் வெளி. பாலத்துக்கு இந்தப் பக்கம்
இரண்டு இரும்புத் தட்டு, ஒரு மேசை, ஒரு குடை.
வீரவாகு ஐயா இலக்கம் சொல்லுவார்,
நான் எழுதுவேன்.
முன்னச்சு. பின்னச்சு.
இரண்டையும் கூட்டினால் சட்டம் வரும்.

விடிய நாலரைக்கு வந்தது செபரத்தினத்தின் லொறி,
தம்புள்ளைக்கு வெங்காயம்.
ஏற்றும்போது அளவாய்த்தான் இருந்ததாம்;
அரிசி ஆலைத் தராசின் துண்டைக் காட்டினார்.
இரவு முழுக்க நீர்வேலி ஒழுங்கைக்குள் நின்றிருக்கிறது.
தறப்பாளில் கிழிசல்.
மழை.

முந்நூற்றைம்பது கிலோ கூட.

முன்சீற்றில் இருந்து இறங்கினாள்
வெங்காயத்துக்குச் சொந்தக்காரி புஷ்பமலர்.
"ஏழு அந்தர் மழை எண்டு எழுது பிள்ளை,
வெங்காயம் எண்டு எழுதாதை."

மழைக்கு விலக்கு உண்டோ என்று
நான் அட்டவணையைப் புரட்டினேன்.
தீயணைக்கும் வண்டிக்கு உண்டு.
நோயாளரை ஏற்றும் வண்டிக்கு உண்டு.
தண்ணீர் பவுசருக்கு உண்டு,
வறட்சி என்று அறிவித்த நாளில் மட்டும்.
பிரிக்க முடியாத பாரத்துக்கு, கடிதம் இருந்தால், உண்டு.

"வெங்காயத்தைப் போய்
பிரிக்க ஏலாது எண்டு எப்பிடியம்மா சொல்லுறது?"
ஐயா சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
"இதையும் என்ர அடகுத் துண்டையும்
பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

பிறகு இறக்கத் தொடங்கினார்கள்.
மேலதிக ரயர். ஜாக்கி. தண்ணீர்க் கான் இரண்டு.
கிளீனர் நிலக்சன் கம்பியால்
ரயர் இடுக்குச் செம்மண்ணைக் கிண்டிக் கிண்டி எடுத்தான்,
வீதியில் ஒரு சின்னத் தோட்டம் கிடந்தது.
செபரத்தினம் முன்கண்ணாடி அந்தோனியாரைக் கழற்றி
மதகுக் கட்டில் வைத்தார்:
"கொஞ்சம் நடந்து வாரும் சுவாமி."
மூன்று பேரும் விலகி நின்றார்கள்.
லொறி தனியே நின்றது, கதவு திறந்தபடி.

இன்னும் நாலு அந்தர்.

அப்போதுதான் அது வந்தது.
முன்னே ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள்,
பின்னே எண்ணி முடியாத சில்லுகளில்
மின்சார சபையின் ட்ரான்ஸ்போமர்,
தேரடியில் நிற்கும் தேரைப் போல, சங்கிலி போட்டு.
பிரிக்க முடியாத பாரம்.
கடிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
எங்கள் தட்டில் ஏறவில்லை. ஏறத் தேவையில்லை.
நான் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை.

அது பாலத்தில் ஏறியதும்
மேசையில் என் பேனை உருண்டது.
கீழே கண்டலில் இருந்த நீர்க்காகங்கள் முழுக்க எழும்பின.
பாலம் முனகியது. கடிதத்தை அது வாசிக்கவில்லைப் போல.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.
நிலக்சன் மட்டும் கம்பியைத் துடைத்துக்கொண்டு
"அண்ணை, எங்கட ஏழு அந்தரை அதுக்கு மேல ஏத்திவிட்டிருக்கலாம்" என்றான்.

வெயில் வந்தது.
சாக்குகளில் இருந்து ஆவி எழும்பியது,
ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவது மாதிரி.
எட்டரைக்கு மூன்று அந்தர்.
ஒன்பதரைக்கு இரண்டரை.
தம்புள்ளையில் விலை விழும் நேரம் என்று
செபரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

புஷ்பமலர் தானே ஏறி மூன்று சாக்கை இறக்கினாள்.
எங்கள் குடைக்குக் கீழே தள்ளினாள்.
"வரேக்க எடுக்கிறன்."
தட்டு சரி என்றது. லொறி போனது.
அந்தோனியாரை மறந்து போய்
பாலத்தின் நடுவில் நிறுத்தி,
நிலக்சன் திரும்பி ஓடி வந்தான்.

பின்னேரம் ஐயா தேத்தண்ணிக்குப் போன நேரம்
ஒரு சாக்கை இழுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
பூச்சியம்.
நானும் அதன்மேல் ஏறி இருந்தேன்.
பூச்சியம்.
லொறிகளுக்கான இயந்திரம்,
இவ்வளவு சின்னப் பாரத்துக்கு அதற்குக் கண் தெரியாது.

சாக்கின் அடியில் இருந்து தண்ணீர் கசிந்து
மேசைக்கால் வரைக்கும் வந்திருந்தது.
அதற்கு எந்த நிரல் என்று
நான் ஐயாவிடம் கேட்கவில்லை.