எழுபத்தைந்து மீட்டர்

மில்லின் பெயர் வேண்டாம்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் தாண்டி, மன்னார்குடி சாலையில்.
டிரையர் விசிறிக்கு முப்பது குதிரைத்திறன் மோட்டார்.
இந்த வருடத்தில் மூன்றாவது முறையாகப் பிரிக்கிறேன்.
முதல் இரண்டு முறை காயில் கருகியிருந்தது. இப்போது பேரிங்.

உள்வளையத்தைத் துடைத்து வெயிலில் காட்டினால்
உழுது பரம்படிக்காமல் விட்ட வயல்போல
வரி வரியாக.
எந்த மாடும் இறங்காத இடத்தில்
போக வழியில்லாத மின்சாரம் இறங்கி நடந்திருக்கிறது.
'கிரீஸ் மட்டம்' என்றார் இருதயசாமி.
கிரீஸ் நல்ல கிரீஸ்.

டிரைவ் அனுப்புவது ஓடும் தண்ணீர் அல்ல;
விநாடிக்கு நாலாயிரம் தடவை
மதகைத் திறந்து திறந்து அடிக்கிற அடி.
நீளக் கேபிளில் பாய்ந்து
மோட்டார் வாசலில் முட்டி
மூடிய ஷட்டரில் மோதிய வெள்ளம்போல எழும்பும்.
நம் ஆற்றுக்கு நேர் எதிர்:
இதில் கடைமடைக்குத்தான் இரண்டு பங்கு.
அறுநூறு வோல்ட் புறப்பட்டால்
ஆயிரத்து இருநூறு போய்ச் சேரும்.

அதோடு நின்றிருந்தால் என் பாடு மட்டும்தான்.

அதே டிரேயில் ஒட்டிப் படுத்திருந்தது
இறக்குகுழி ஈரப்பத மீட்டரின் மெல்லிய ஒயர்.
விசிறி வேகமெடுத்தால்
பதினாறு இருபத்துமூன்றாகும்.
புரட்டாசியில் குறுவை ஏற்றிவந்த அமிர்தகடேசன்
நாலு நெல்லைக் கடித்துக் காட்டினார்.
'நறுக்குன்னு உடையுது, காது கேக்கலியா?'
மீட்டரைத்தான் நம்பினோம்.
மூட்டைக்கு எழுபது ரூபாய் குறைத்து
அறுபத்துநாலு மூட்டை.

கேபிளைத் தேர்ந்தது நான்.
போர்செட்டுக்கு வாங்கி மீந்த மூணரை கோர்.
'சும்மாதானே கெடக்கு' என்றார் முதலாளி.
நான் ஆம்பியர் மட்டும் பார்த்தேன்,
தடிமன் போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வந்திருப்பது
மூன்று கட்டங்களுக்கு இடையே சமமாய் மூன்று எர்த்,
பிவிசிக்குப் பதில் எக்ஸ்எல்பிஇ,
மேலே செம்பு வலை.
விலை இரண்டரை மடங்கு.
வலையை முறுக்கி வாலாக்கிப் போல்ட்டில் கட்ட வந்த பையனை நிறுத்தி
இரு முனையிலும் கிளாண்ட் முழுவட்டமாய்க் கவ்வும்படி
நானே இறுக்கினேன்.
டிரைவ் பெட்டியையும் பெயர்த்து
இருபது மீட்டருக்குள் வைத்தாயிற்று.
மீட்டர் ஒயருக்குத் தனிக் குழாய்.

விசிறி முழு வேகத்தில்.
பதினாறு.
பதினாறிலேயே நிற்கிறது.
இருதயசாமி விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

உருவிய பழைய கேபிள் ஷெட் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது.
எடைக்குப் போட்டால்
அமிர்தகடேசன் கணக்கு ஏறத்தாழ நேராகும்.
முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.
தராசைக் கேட்டிருக்கிறேன்.