மாதிரிக்கு மூன்று

சேலத்திலிருந்து மூன்று ஸ்கேனர்கள்
ஏற்காட்டுக் கிளைக்கு ஏறி வந்தன.
எது வேண்டும், சனிக்குள் எழுதுங்கள்.

முதலாவது நிமிடத்துக்கு நூறு காசோலை வாங்கும்.
எங்களுக்கு ஒரு நாளைக்கே பதினொன்று.
அடுத்தது நெட்வொர்க்கோடு நேராகப் பேசும்;
மேகம் இறங்கினால் நெட்வொர்க் பேசாது.
மற்றது பதினேழாம் வளைவில் இடிபட்டிருந்தது.

நான்கு மணிக்கு
எஸ்டேட் ரைட்டர் செங்கோடன்
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
மிளகு வாசத்தோடு,
பனியில் ஊறி ஓரம் சுருண்ட காசோலை.
நாளை எழுபது பேருக்குக் கூலி.

ஒன்று கடித்தது. ஒன்று துப்பியது.
இடிபட்டது, கடகடவென்று முனகி,
மெல்ல இழுத்து மெல்லத் தந்தது.
கேஷியர் பிலோமினா
அதன் பிளக்கை மட்டும் பிடுங்கவில்லை.

படிவத்தில் ‘காரணம்’ ஒரு விரல் அகலக் கட்டம்.
‘ஈரம்’ என்று எழுதினேன்.

மறுநாள் போன்:
‘வேகம்’னுதானே சார் எழுத வந்தீங்க?