ஏன் கோயம்புத்தூர்?

மன்ஹைம் நகரின் நடுவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
கட்டங்கள்தான். ஏ மூன்று, எல் ஏழு, கியூ ஐந்து.
யாரோ எக்செல் தாளில் ஊரைக் கட்டி
சேமித்து மூடிவிட்டுப் போனது போல.

அரண்மனைதான் பல்கலைக்கழகம்.
அதன் வாசலில் ஏ தொடங்குகிறது.
எனக்கு அறை கிடைத்தது யூ ஐந்தில்,
நெக்கார் ஆற்றுப் பக்கம்,
எழுத்துகள் தீர்ந்துபோகும் இடத்தில்.

இங்கே ஆய்விதழ்களுக்கும் அப்படித்தான் தரம்:
ஏ, பி, சி, டி.
காலையில் யூவிலிருந்து ஏவுக்கு
இருபது நிமிடத்தில் நடந்துவிடுகிறேன்.
என் கட்டுரை
ஆறு வருஷமாக நடக்கிறது.

டீன் பழனிவேலப்பன் வாட்ஸ்ஆப்பில் கேட்கிறார்:
"மேடம், இந்தக் காலாண்டு எண்ணிக்கை?
தரவரிசைக்கு இரண்டு குறைகிறது."
கூடவே கும்பிடும் கைகள்.
போன வருஷம் எங்கள் கல்லூரி
நூற்றுப் பதினெட்டுக் கட்டுரை வெளியிட்டது.
வாசலில் பேனர் கட்டினோம்.
அதில் எத்தனையை யார் படித்தார்கள் என்று எழுத
பேனரில் இடம் போதவில்லை.

என்னுடையது பம்பு வார்க்கும் பட்டறைகளைப் பற்றியது.
கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும்
நாற்பத்தொரு பட்டறை.
பில்லும் இல்லாமல் செக்கும் இல்லாமல்
பழைய இரும்பு லாரியில் கடனாக வந்து இறங்குவதைப் பற்றி.
சென்னியப்பன் சொன்னார்:
"ஆடி பொறந்தாத் தர்றேன்னா
ஆடி பொறந்தாக் குடுத்துரோணுமுங்க.
இதுல எழுதறதுக்கு என்ன இருக்குது?"
அதை நான்
'உறவுசார் வர்த்தகக் கடனும் முறைசாரா அமலாக்கமும்'
என்று எழுதினேன்.
முப்பத்தெட்டுப் பக்கம், நான்கு அட்டவணை.
அவர் முன்கையில் இரும்புக் குழம்பு தெறித்த தழும்பு
எந்த மாறியிலும் அடங்கவில்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் மரியாதையாகவே கேட்டிருக்கிறார்:
"ஏன் கோயம்புத்தூர்?
இக்களத்தைத் தேர்ந்ததற்கு நியாயம் கூறவும்."
இது மூன்றாவது இதழ்.

இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன்.
ஷ்டுட்கார்ட் ஆலைகளை ஆராய்ந்தவர்
தலைப்பில் 'நிறுவனங்கள்' என்று போட்டிருக்கிறார்.
அவ்வளவுதான். ஊர் அடிக்குறிப்பில்.
எங்களுக்குத்தான் தலைப்பிலேயே வால் முளைக்கிறது:
'வளரும் பொருளாதாரம் ஒன்றிலிருந்து சான்று.'
கூண்டில் ஏற்றி,
சத்தியம் வாங்கி,
அப்புறமும் எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி.

வீப்கேவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
"மூன்றாம் பத்தியில் சேர்த்துவிடு,
நூற்றைம்பது சொல் போதும்."
நல்லவள். உண்மையிலேயே நல்லவள்.

சனிக்கிழமை, ஹெச் இரண்டில் ஒரு துருக்கி ரொட்டிக் கடை.
கார்டு இயந்திரம் சிவந்து, மறுத்து, அணைந்தது.
பையில் சில்லறை இல்லை.
ரொட்டியைத் திரும்ப வைக்கப் போனேன்.
நெவ்சாத் கல்லாவுக்கு அடியிலிருந்து
ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிய நோட்டை எடுத்தார்.
பெயர் கேட்டார்.
"மங்கையர்க்கரசி."
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு எழுதியதை அவரே படித்துக் காட்டினார்:
இந்தியப் பெண், சிவப்புக் கோட்டு, இரண்டு எண்பது.
அந்தப் பக்கத்தில் எனக்கு மேலே இருபது பேர்.
"எப்போது தர வேண்டும்?"
"வரும்போது."

அறைக்கு வந்ததும் தலைப்பு தானாக விரலுக்கு வந்தது:
'வாய்ச்சொல் கடன்: ஜெர்மனியிலிருந்து சான்று.'
மாதிரி அளவு ஒன்று.
அந்த ஒன்று நான்.
சிரித்துவிட்டு அழித்தேன்.

கேள்விக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
மதிப்பீட்டாளருக்கு நன்றி என்று தொடங்கினேன், அது வழக்கம்.
அடுத்த வரி:
ஏனென்றால் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.
இன்னும் நூற்று நாற்பது சொல் மிச்சம்.
வைத்துக்கொள்ளட்டும்.

திங்களன்று மூன்று யூரோ கொடுத்தேன்.
நெவ்சாத் என் வரியின் மேல் கோடு கிழித்தார்.
இருபது சென்ட் மீதியும்
எள் ஒட்டிய வளையம் ஒன்றும் தந்தார்.
தின்றுகொண்டே ஏவை நோக்கி நடந்தேன்.
தூறல்.
டீனுக்கு இன்னும் பதில் போடவில்லை.