ஓரத்தில் எழுதியவை

மார்ச் மாதம். அறை எண் பதினொன்று.
ஜன்னலுக்கு வெளியே பனி பாதி உருகி
மீதி முடிவெடுக்காமல் கிடக்கிறது.
குறிப்பெடுப்பது என் வேலை.
யார் பேசினார், எத்தனை மணிக்கு, எதை ஆதரித்து.
இருமலை எழுதுவதில்லை. மௌனத்தையும்.

மசோதா நூற்று நாற்பத்தாறு:
வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று
வரிசைப்படுத்தி வாக்களிப்பது.
பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால்
கடைசியில் நிற்பவர் விலகிக்கொள்ள,
அவருக்கு விழுந்த சீட்டுகள்
அடுத்த பெயரைத் தேடிப் போகும்.
இவ்வளவுதான்.
இதை விளக்க நிபுணருக்கு நாற்பது நிமிடமும்
பதினேழு வண்ணப் படங்களும் வேண்டியிருந்தன.

குழுத் தலைவர் ஹாலிஸ் ப்ரூவர்
முப்பத்தாறு சதவீதத்தில் வென்றவர்.
அந்தப் படம் வந்தபோது மட்டும்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இதையும் நான் எழுதவில்லை.

பிறகு வெண்டல் ஸ்டானர்ட், மாட்டுப்பண்ணைக்காரர்.
மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் வாரம்;
வாளிகள் வழிந்துவிடுமே என்ற பதற்றம் குரலில்.
"ஆளுக்கு ஒரு வாக்கு, அவ்வளவுதான்.
தோற்றவனுக்குப் போட்டவர்களுக்கு மட்டும்
எதற்கு இரண்டாம் பந்தி?"
அறை சிரித்தது.

ஜெர்மேன் பிளான்ஷார் சிரிக்கவில்லை.
கனடா எல்லையோரச் சிற்றூரில்
இருபத்தாறு வருடம் ஊர் எழுத்தர்.
இன்னும் கையால் எண்ணும் ஊர்.
கோட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார்.
"பாதி ஆற்றில் படகு கவிழ்கிறது,
ஒருவன் நீந்திக் கரையேறுகிறான்.
அதை இரண்டாவது பயணம் என்பாயா, வெண்டல்?"

"நான் செல்லாத சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.
ஒரு பெயருக்கு நேரே ஒரு குறி. அதுதான் விதி.
வேறு எதைக் கிறுக்கினாலும் தள்ளுபடி.
ஆனாலும் எழுதுகிறார்கள், ஓரத்தில்,
பென்சிலில், சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
'இவர் ஜெயிக்க மாட்டார், தெரியும்.
அப்படியானால் அந்தப் பெண்.'
'யாரானாலும் சரி, மூன்றாமவர் மட்டும் வேண்டாம்.'
ஒருவர் எண்களே போட்டிருந்தார், வட்டமிட்டு,
இன்று நீங்கள் படம்போட்டுக் காட்டிய மாதிரியே.
தொண்ணூற்றெட்டில்.
இந்தக் கையால்தான் முத்திரை குத்தினேன்.
அந்த வருடம் ஏழு வாக்கு வித்தியாசம்.
ஓரத்தில் எழுதியவை பதினொன்று."

நிபுணர் மெல்லச் சொன்னார்:
புதிய முறையிலும் சில சீட்டுகள்
அடுத்த பெயரில்லாமல் பாதியில் நின்றுவிடும், அம்மா.
களைத்த சீட்டு என்போம்.
"களைக்கட்டுமே.
நடந்து களைப்பது வேறு,
வாசலிலேயே நிறுத்தப்படுவது வேறு."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.
"ரெமி, என் கணவர்,
முதலில் கேட்டது என்னை இல்லை.
மர ஆலைக்காரரின் மகளை.
அவள் பாஸ்டனுக்குப் போய்விட்டாள்.
நான் அடுத்த பெயர்.
முப்பத்தொன்பது வருடம்.
இரண்டாவது என்பதால் அவர் கையில்
ஒருநாளும் நான் எடை குறைந்ததில்லை."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
"இது மசோதாவுக்குத் தொடர்பில்லாதது,
குறிப்பிலிருந்து நீக்குங்கள்" என்றார் தலைவர்.
நீக்கினேன்.

மதியத்துக்குப் பின் குழு முடிவெடுத்தது.
ஏற்கலாம்: மூன்று.
தள்ளலாம்: இரண்டு.
ஆய்வுக்கு அனுப்பலாம்: நான்கு.
ஒன்பது பேரில் நால்வர் போதுமாயிருந்தது.
கோடை கழிந்து பார்க்கலாம் என்று
சுத்தியலால் ஒரு தட்டு.
பாதிக்குக் குறைவு என்பதை
யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.
வெண்டல் ஏற்கெனவே வாளிகளுக்குப் போயிருந்தார்.

வாக்குக் கொடுக்கத் தெரிந்த ஜனங்கள்.
வாங்கிக்கொள்ளத்தான் நம் தாளில் இடம் போதவில்லை.

அறை காலியானபின் விளக்கை அணைக்கப் போனவன்
திரும்பி வந்து குறிப்பேட்டைத் திறந்தேன்.
ஓரத்தில், பென்சிலில்:
ரெமி. முப்பத்தொன்பது வருடம்.

செல்லாது. தெரியும்.